மடிக்கணினிக்குக் கம்பியில்லா மவுஸ்: மலைத்தோட்ட வீடுகளுக்கு எது பொருந்தும்?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, தோட்டப்புற வீடுகளில் மடிக்கணினி என்பது ஆடம்பரம் என்ற எண்ணம் உடைந்தது. மறு ஆண்டு செர்டிக் திட்டத்தின் வழி 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்க இலக்கு வைக்கப்பட்டது. 2022இல் பி40 குடும்பங்களைச் சேர்ந்த உயர்கல்வி மாணவர்களுக்குப் பெராந்தி சிஸ்வா திட்டத்தில் கைக்கணினிகள் கிடைத்தன. இவை தவிர, ஈப்போவிலோ தாப்பாவிலோ பழைய மடிக்கணினி வாங்கிய குடும்பங்களும் உண்டு. அக்கருவிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. முதலில் தொல்லை கொடுக்கும் உறுப்புகளில் ஒன்று, விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்தும் டச்பேட். அதற்கு மாற்றாகத்தான் பலரும் கம்பியில்லா மவுஸைத் தேடுகிறார்கள்.

விலை சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதத்திற்கு 26 நாள் வேலை என்று கணக்கிட்டால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட் வருகிறது. பெயர் பெற்ற நிறுவனங்களின் சாதாரண கம்பியில்லா மவுஸ் பெரும்பாலும் 30 முதல் 60 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். அதாவது அரை நாள் கூலியில் இருந்து ஒரு நாள் கூலி வரை. தவறானதை வாங்கினால் அதை மாற்றுவதற்கு மலை இறங்க வேண்டும். தானா ராத்தாவில் இருந்து தாப்பாவுக்கு மட்டும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. பெட்ரோல் செலவும் அதோடு சேரும்.

முதலில் டச்பேட்டைப் பாருங்கள்

மவுஸ் வாங்கப் புறப்படும் முன், டச்பேட் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. பல மடிக்கணினிகளில் மேல்வரிசை விசை ஒன்றில் டச்பேட்டின் சின்னப் படம் இருக்கும். எஃப்என் விசையோடு அதை அழுத்தினால் டச்பேட் அணையும், மீண்டும் அழுத்தினால் உயிர் பெறும். பிள்ளைகள் தெரியாமல் அதைத் தட்டிவிட்டு, கணினி கெட்டுவிட்டது என்று பெற்றோர் நினைத்த வீடுகள் ஏராளம். ஒரு சென் கூடச் செலவில்லாமல் தீரும் கோளாறு அது.

இன்னொரு காரணம் ஆபத்தானது. டச்பேட் அழுத்த முடியாத அளவுக்கு இறுகிப்போயிருந்தாலோ, நடுவில் மேடு தட்டியிருந்தாலோ, மடிக்கணினியின் மூடி சரியாக மூடவில்லை என்றாலோ, மேசையில் வைத்தால் அடிப்பகுதி ஆடுகிறது என்றாலோ, உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. பெரும்பாலான மடிக்கணினிகளில் பேட்டரி இருக்கும் இடம் டச்பேட்டுக்கு நேர் கீழே அல்லது அதன் பக்கத்தில். பேட்டரி பழையதாகும்போது உள்ளே வாயு சேர்ந்து பை போல வீங்குகிறது. அது மேலே உள்ள டச்பேட்டைத் தள்ளுகிறது. இந்த நிலையில் மவுஸ் ஒன்றை வாங்கிச் செருகிவிட்டு வேலையைத் தொடர்ந்தால், கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆபத்து அப்படியே இருக்கும். வீங்கிய பேட்டரி தீப்பற்றக்கூடியது. பலகைச் சுவர் கொண்ட பழைய லயத்து வீடுகளில், இரவு முழுக்க மெத்தைமேல் சார்ஜில் கிடக்கும் கணினியில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அறிகுறி தெரிந்தவுடன் சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்து, எரியக்கூடிய பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். அழுத்திச் சமப்படுத்தவோ, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றவோ முயலக் கூடாது. பழுது பார்க்கும் கடையில் பேட்டரியை அகற்றச் சொல்ல வேண்டும். பேட்டரி அகற்றப்பட்ட பிறகு டச்பேட் பழைய இடத்துக்குத் திரும்பிச் சரியாக வேலை செய்வதும் உண்டு. அப்போது மவுஸே தேவைப்படாமல் போகலாம்.

ரிசீவரா, புளூடூத்தா?

கம்பியில்லா மவுஸில் இரண்டு வகை. ஒன்று, விரல் நகம் அளவுள்ள ரிசீவரைக் கணினியின் யுஎஸ்பி துளையில் செருகுவது. மற்றது, கணினியிலேயே இருக்கும் புளூடூத்தோடு இணைவது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. பேசும் முறைதான் வேறு.

பழைய மடிக்கணினிக்கு ரிசீவர் வகை சிரமம் தராது. செருகினால் வேலை செய்யும், இணைப்புச் சடங்கு எதுவும் இல்லை. விண்டோஸை மறுபடி ஏற்றும்போதும் இது உடனே இயங்கும். புளூடூத் மவுஸ் அந்த நேரத்தில் பெரும்பாலும் கைவிட்டுவிடும். ஆனால் யுஎஸ்பி சி துளைகள் மட்டுமே உள்ள புதிய மெல்லிய கணினிகளுக்கும், கைக்கணினிகளுக்கும் புளூடூத்தே வசதி. வீட்டில் ஒரு மடிக்கணினியும் ஒரு கைக்கணினியும் இருந்தால், இரண்டு முறைகளும் சேர்ந்த மாடலுக்குப் பத்து, இருபது ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

ரிசீவர் தொலைந்தால் என்ன ஆகும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. மலிவான பெயரில்லாத மவுஸ்களில் ரிசீவரும் மவுஸும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. ரிசீவர் போனால் மவுஸும் குப்பைதான். லாஜிடெக் நிறுவனத்தின் யூனிஃபையிங் அல்லது போல்ட் அடையாளம் உள்ள மாடல்களுக்கு ரிசீவரைத் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, அதனால் அடையாளத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பள்ளிப் பேருந்தில் கணினியைச் சுமந்து செல்லும் பிள்ளைக்கு, பேட்டரி அறைக்குள் ரிசீவரை வைக்க இடம் உள்ள மவுஸே நல்லது.

ரிசீவரைச் செருகும் இடத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. யுஎஸ்பி 3.0 துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது பென்டிரைவ் இயங்கும்போது, அதிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பாதிக்கும் என்று 2012இல் இன்டெல் நிறுவனமே ஆய்வறிக்கை வெளியிட்டது. அம்புக்குறி திக்கித் திக்கி நகர்ந்தால் மவுஸைக் குறை சொல்லும் முன், ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றிப் பார்க்கலாம். உள்ளே நீல நிறம் இருந்தால் அது பெரும்பாலும் 3.0, கறுப்பு அல்லது வெள்ளை என்றால் 2.0.

தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் கிராணிகளும், அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2016இல் பேஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் மவுஸ்ஜாக் என்ற ஓட்டையை வெளிப்படுத்தியது. ரிசீவர் வகை மவுஸ்கள் பலவற்றில், சற்றுத் தொலைவில் இருந்தே வேறொருவர் விசைகளைத் தட்டுவது போல் கணினிக்குக் கட்டளை அனுப்ப முடிந்தது. பெரிய நிறுவனங்கள் சில தங்கள் ரிசீவர்களுக்குத் திருத்தம் வெளியிட்டன. பெயரில்லாத மவுஸுக்குத் திருத்தம் அனுப்ப யாரும் இல்லை. தேயிலைக் காட்டு நடுவில் யார் வந்து ஊடுருவப் போகிறார்கள் என்று கேட்கலாம்; நியாயம்தான். ஆனால் அதே கணினி ஈப்போவுக்கோ குவாந்தானுக்கோ போகும்போது நிலைமை வேறு.

பேட்டரியும் மலைச் சாரலும்

போ நிறுவனம் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸலால் தொடங்கப்பட்ட காலத்தில் இருந்து தேயிலைக்கு இந்த மலையில் வாய்த்த அதிர்ஷ்டம், குளிரும் ஓயாத ஈரமும். செடிக்கு நல்லது மின்கருவிக்கு நல்லதல்ல. மழை மாதங்களில் துணி காய்வதற்கே நாள் கணக்காகும் வீட்டில், மவுஸின் பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். மவுஸ் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதில் பல இப்படிப் பூத்தவைதான்.

ஏஏ பேட்டரி ஒன்றில் இயங்கும் மவுஸே தோட்டப்புறத்துக்கு ஏற்றது. நல்ல மாடல் என்றால் ஒரு ஆல்கலைன் பேட்டரி பல மாதங்கள், சிலவற்றில் ஓராண்டு வரை வரும். தீர்ந்தால் பக்கத்து மளிகைக் கடையில் கிடைக்கும். உள்ளேயே சார்ஜ் ஏறும் மவுஸ் பார்க்க அழகு. ஆனால் சில ஆண்டுகளில் அதன் பேட்டரி சோர்ந்துவிட்டால், பெரும்பாலானவற்றில் திறந்து மாற்ற வழி இருக்காது. சார்ஜ் கம்பியும் தொலையும்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலைந்து ஒரே கட்டில் ஓரிரு ரிங்கிட்டுக்கு வரும் துத்தநாக கார்பன் பேட்டரிகள் சீக்கிரம் தீர்வதோடு, தீர்ந்த பின் கசியவும் செய்யும். பள்ளி விடுமுறையில் மவுஸைப் பல வாரம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். ஆல்கலைன் கசிந்து முனை பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் உயிர் பெறும். அந்தக் கசிவு தோலை அரிக்கும். வெறுங்கையால் தொடாமல், முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்வது அவசியம்.

கண்ணாடி மேசை, பூப்போட்ட விரிப்பு

மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. ஓர் ஒளி மேசைமேல் பட்டு, அங்குள்ள நுண்ணிய சொரசொரப்பைக் கேமரா நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் பிடித்து, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. இந்த உணரிகளை 1990களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த ஏஜிலென்ட் நிறுவனத்துக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸிலேயே தொழிற்சாலை இருந்தது. மவுஸின் கண்ணுக்கும் மலேசியாவுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. கண்ணாடியில் சொரசொரப்பு இல்லை, அதனால் கேமராவுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. கண்ணாடி பதித்த மேசையிலும், பளபளக்கும் பிளாஸ்டிக் விரிப்பிலும் அம்புக்குறி தாவுவதற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடியிலும் ஓடும் மவுஸ்கள் இருக்கின்றன. லாஜிடெக் 2009இல் டார்க்ஃபீல்ட் என்ற பெயரில் அத்தகைய உணரியை அறிமுகம் செய்தது. விலை பல மடங்கு. அதற்குப் பதில் பழைய நாள்காட்டியின் அட்டையைத் திருப்பி, பளபளப்பில்லாத பக்கத்தை மேலே போட்டுக்கொண்டால் போதும். எந்தக் கடை மவுஸ் பேடுக்கும் அது சளைத்ததல்ல.

பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் டிபிஐ எண்ணுக்கு மயங்கத் தேவையில்லை. பள்ளிப் பாடத்துக்கும் அலுவலக வேலைக்கும் 1,000 டிபிஐ தாராளம். 6,000, 8,000 எல்லாம் விளையாட்டுக்காரர்களுக்கு. அதைவிட முக்கியம் மவுஸின் அளவு. பையில் அடங்கட்டும் என்று விற்கப்படும் மிகச் சிறிய மவுஸைப் பெரியவர்கள் பிடித்தால், உள்ளங்கை தாங்கலின்றி விரல்கள் மட்டும் வேலை செய்யும், மணிக்கட்டு வலிக்கும். பகலெல்லாம் கத்தரியும் வெட்டும் இயந்திரமும் பிடித்த கைக்கு இது இன்னும் கொடுமை. சிறுவர்களுக்கு மாறாகப் பெரிய மவுஸ் ஆகாது. இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளை இருந்தால் இருபுறமும் ஒரே வடிவில் உள்ளதை வாங்கி, விண்டோஸ் அமைப்பில் பொத்தான்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். இரவில் ஒரே அறையில் ஒருவர் படிக்க மற்றவர்கள் தூங்கும் வீடுகளில், சத்தமில்லாத பொத்தான் கொண்ட மவுஸ் வீண் செலவல்ல.

இவ்வளவும் பார்த்த பிறகு, கணினி மேசையை விட்டு நகர்வதே இல்லை என்றால், பத்துப் பதினைந்து ரிங்கிட் கம்பி மவுஸே போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேட்டரி இல்லை, தொலைய ரிசீவர் இல்லை.

வாங்கும் இடமும் ரசீதும்

கம்பியில்லாக் கருவி எதுவாக இருந்தாலும் மலேசியாவில் விற்கப்பட வேண்டுமென்றால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிப்படி சிரிம் சான்று பெற்றிருக்க வேண்டும். மவுஸின் அடியிலோ பெட்டியிலோ அந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஷோப்பி, லசாடாவில் வாங்குவோர் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வக் கடையைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. பாதி விலைக்கு வரும் லாஜிடெக் பெரும்பாலும் லாஜிடெக் அல்ல. வெளிநாட்டில் இருந்து நேரடியாக வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, ஆகவே அந்த மலிவும் முன்போல் மலிவில்லை.

பொட்டலம் வந்த அன்றே திறந்து சோதிக்க வேண்டும். திருப்பி அனுப்பும் அவகாசம் சில நாள்கள்தான். ஒரு முறை அழுத்தினால் இரு முறை திறக்கிறதா, சக்கரம் மேலே உருட்டும்போது கீழே தாவுகிறதா என்று பார்த்தால் போதும். உத்தரவாதம் மாடலுக்கு ஏற்ப 1 ஆண்டில் இருந்து 3 ஆண்டு வரை இருக்கும். கடை ரசீதின் எழுத்துகள் சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் வாங்கியதும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்றவர் மாற்றித் தர மறுத்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. இணையம் வழியாகவும் மனுவைப் பதிவு செய்யலாம் என்பதால் அதற்காக மலை இறங்க வேண்டியதில்லை. வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் தீர்ப்பு கிடைத்தாலும் பணம் திரும்புவது கடினம். உள்நாட்டுக் கடையில் ஐந்து, பத்து ரிங்கிட் கூடக் கொடுத்து வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.