கடல் கடந்த சொற்கள்: பெண்டேரா

1945 செப்டம்பர் 19. இந்தோனேசியா விடுதலையை அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சுரபாயா நகரில் யமாட்டோ ஹோட்டல் உச்சியில் பழைய ஆட்சியாளர்களான டச்சுக்காரர்கள் தங்கள் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடியை ஏற்றிவிட்டார்கள். கொதித்துப்போன இளைஞர்கள் மேலே ஏறினார்கள். கொடியின் அடியிலிருந்த நீலப் பட்டையைக் கிழித்தெறிந்தார்கள். மிஞ்சிய சிவப்பும் வெள்ளையும் அவர்கள் நாட்டுக் கொடி. அதையே பறக்கவிட்டார்கள்.

கொடிக்கு அவர்கள் மொழியில் ‘பெண்டேரா’ என்று பெயர். போர்த்துக்கீசியரின் ‘பண்டெய்ரா’தான் அது. பழைய ஜெர்மானிய இனமான கோத்தியரின் மொழியில் அடையாளம் என்று பொருள்படும் ஒரு சொல்லே இதன் வேர் என்பார்கள் மொழி அறிஞர்கள். ஓர் அடையாளத்தின் கீழ் திரண்ட படைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதினேழாம் நூற்றாண்டு பிரேசிலில், சாவோ பாவ்லோவிலிருந்து காட்டுக்குள் புகுந்து பழங்குடி மக்களை அடிமைகளாகப் பிடித்துவந்த கூட்டங்களுக்கும் ‘பண்டெய்ரா’ என்றே பெயர். ரத்தக்கறை படிந்த சொல்.

1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். அந்தத் துறைமுகத்தின் சந்தை மொழி மலாய்; இந்தோனேசிய மொழிக்கு அடித்தளமும் அதுவே. கொடியைக் குறிக்க மலாயில் ‘பஞ்சி’ ஏற்கெனவே இருந்தும், புதிய சொல் நுழைந்தது. தேவாலயம் ‘கெரெஜா’, ஞாயிறு ‘மிங்கு’, காலணி ‘செபாத்து’ எல்லாம் இப்படி வந்தவையே. நம் ஜன்னலும் மேசையும் அங்கே ‘ஜெண்டெலா’, ‘மெஜா’. எல்லாம் ஒரே கப்பல்காரர்கள் இறக்கிய சரக்கு.

1641இல் மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போனது. போர்த்துக்கீசியம் போகவில்லை. டச்சுக்காரரின் ஆசியத் தலைநகரான பட்டாவியாவிலேயே (இன்றைய ஜகார்த்தா), பதினெட்டாம் நூற்றாண்டிலும் வீடுகளிலும் வீதிகளிலும் அது புழங்கியது. பேசியவர்கள் பெரும்பாலும் அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள். அவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகவே 1695இல் கட்டி முடிக்கப்பட்ட ‘போர்த்துக்கீசியக் கோயில்’, சீயோன் தேவாலயமாக ஜகார்த்தாவில் இன்றும் நிற்கிறது. ஆண்டவர்களைவிட, அடிமைப்பட்டவர்களே இந்தச் சொற்களை வாழவைத்தார்கள் என்பது என் எண்ணம். கொடிக்கு டச்சுக்காரர் சொல்லும் ‘ஃப்லாக்’ அங்கே வேர்பிடிக்கவில்லை.

1945 ஆகஸ்ட் 17 அன்று, விடுதலைத் தலைவர் சுகர்னோவின் மனைவி ஃபத்மாவதி தைத்த கொடி ஜகார்த்தாவில் ஏறியது. துணி நைந்துபோனதால் 1968க்குப் பிறகு அதை ஏற்றுவதில்லை. அதற்கு வைத்த பெயர் ‘பெண்டேரா புசாகா’. புசாகா என்றால் முன்னோர் விட்டுச்சென்ற குலச்சொத்து.

(தொடரும்)