ஜெனரல் கம்பெனியின் நீண்ட வேலைநாள்

லண்டனின் சிவப்புப் பேருந்தைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தது ஒரு தனியார் நிறுவனம். போட்டிக் கம்பெனிகளின் வண்டிகளுக்கு நடுவே தன் வண்டி சட்டென்று கண்ணில் பட வேண்டும் என்று 1907இல் அது பூசிய வண்ணம் அது. லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி என்பது முழுப்பெயர். ஊரார் வாயில் வெறும் 'ஜெனரல்'.

இந்த லண்டன் கம்பெனி பிறந்தது பாரிஸில். 1855 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் பணம் போட்டு அதைத் தொடங்கினார்கள். லண்டனுக்குக் குதிரை ஆம்னிபஸ் அப்போதே பழகிப்போன ஒன்று. ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் 1829 ஜூலை 4 அன்று பாடிங்டனிலிருந்து பாங்க் ஆஃப் இங்கிலாந்து பக்கம் வரை மூன்று குதிரை பூட்டிய வண்டியை விட்டிருந்தார். தொழில் நிலைத்தது, தொடங்கியவரோ கடனில் மூழ்கிச் சிறைக்குப் போனார். அவருக்குப் பின் ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துப் பிழைத்த சின்ன முதலாளிகள் ஏராளம். ஜெனரல் அவர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கியது. ஓராண்டு அளவிலேயே லண்டனில் ஓடிய 810 ஆம்னிபஸ்களில் 600 அதன் கைக்கு வந்துவிட்டன. சில ஆண்டுகளில் கம்பெனி இங்கிலாந்தில் பதிவாகி ஆங்கிலப் பெயர் சூடிக்கொண்டாலும் பிரெஞ்சுப் பிறப்பு மறக்கப்படவில்லை. 1881இல் முளைத்த லண்டன் ரோட் கார் கம்பெனி, தான் அசல் ஆங்கிலக் கம்பெனி என்று காட்ட வண்டிக்கு வண்டி பிரிட்டிஷ் கொடி கட்டி ஓட்டியது.

ஒரு வண்டி நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் பதினொரு குதிரைகள் வேண்டும். ஒரு ஜோடி சில மணி நேரம் இழுத்ததும் லாயத்துக்குப் போய்விடும், அடுத்த ஜோடி வரும். 1890களின் தொடக்கத்தில் ஜெனரலின் லாயங்களில் பத்தாயிரம் குதிரைகளுக்குக் குறையாமல் நின்றன. இப்படி உழைத்த குதிரை ஐந்தாண்டு அளவில் தளர்ந்துபோகும், பிறகு விற்றுவிடுவார்கள். குதிரைக்கு முறை மாற்று இருந்தது. வண்டியோட்டிக்கும் கண்டக்டருக்கும் இல்லை. நாளுக்குப் பதினான்கு மணி நேரம், பதினாறு மணி நேரம் என்று அவர்கள் அதே வண்டியில் இருந்தார்கள்.

அந்த உழைப்பை ஆட்கள் சகித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1891 வரை ஜெனரல் வண்டியில் டிக்கெட் கிடையாது. கண்டக்டர் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். நாள் முடிவில் கம்பெனிக்கு எவ்வளவு கட்டுவது என்பது பெரும்பாலும் அவர் மனசாட்சியைப் பொறுத்தது. வசூலில் ஒரு பங்கு அவரிடம் தங்கும், அதில் கொஞ்சம் வண்டியோட்டிக்கும் போகும். கம்பெனிக்கும் இது தெரியும். வழக்கத்திலிருந்த இந்த வரும்படியைக் கணக்கில் வைத்தே கூலி குறைவாக இருந்தது. இதைத் திருட்டு என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோவது நியாயமாகாது.

1891இல் ஜெனரல் டிக்கெட்டைக் கொண்டுவந்தது. மேல் வரும்படி ஒரே நாளில் அடைபட, பதினாறு மணி நேர வேலையின் உண்மையான விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அந்த ஜூனில் ஆட்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தாமஸ் சதர்ஸ்ட் என்ற வழக்கறிஞர் அவர்கள் பக்கம் நின்று சங்கத்தை நடத்தினார். ஒரு வாரம் லண்டன் கால்நடையாகவே நடமாடியது. முடிவில் டிக்கெட் நிலைத்தது. வேலை நேரம் பன்னிரண்டு மணியாகக் குறைந்தது. பன்னிரண்டு மணி நேர வேலையையே வெற்றியாகக் கொண்டாடிய காலம் அது.

மோட்டார் வந்ததும் போட்டி சூடுபிடித்தது. வான்கார்ட் என்ற போட்டிக் கம்பெனியின் வண்டிகள் 1906இல் தடத்துக்கு எண் போடத் தொடங்கின. இன்று உலகெங்கும் பேருந்தை எண் சொல்லித்தானே தேடுகிறோம். 1908இல் வான்கார்டையும் ரோட் காரையும் ஜெனரல் தன்னோடு இணைத்துக்கொண்டது. பொறியாளர் ஃபிராங்க் சர்ல் தலைமையில் அதன் வால்தம்ஸ்டோ பட்டறையிலிருந்து 1910இல் வெளிவந்த பி-டைப் மாடி பஸ், 34 பேர் உட்காரக்கூடியது. ஒரு வண்டியின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்கும் பொருந்தும்படி ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. 1911 அக்டோபர் 25 அன்று ஜெனரலின் கடைசிக் குதிரை வண்டி ஓடி முடிந்தது. அடுத்த ஆண்டே சுரங்க ரயில் குழுமம் ஜெனரலை வாங்கியது.

முதல் உலகப்போரில் சுமார் 900 பி-டைப் வண்டிகள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சிப்பாய்களை ஏற்றிச் சென்றன. ஆண்கள் போர்முனைக்குப் போக, 1916 முதல் ஜெனரலில் பெண்கள் கண்டக்டர் பையை மாட்டினார்கள். 1918 ஆகஸ்டில் ஆண்களுக்கு மட்டும் வாரம் ஐந்து ஷில்லிங் போர்க்காலக் கூடுதல் படி கொடுக்கப்பட்டது. வில்ஸ்டன் டிப்போ பெண்கள் வண்டியை எடுக்க மறுத்தார்கள். போராட்டம் லண்டனைத் தாண்டி பிரிஸ்டல், பர்மிங்காம் வரை பரவியது. அந்த மாதம் முடிவதற்குள் அந்தப் படியைப் பெண்களும் வாங்கிவிட்டார்கள். இந்த நூற்றாண்டுக்கால வரலாற்றில் மிகத் தெளிவான வெற்றி அவர்களுடையது. ஆனால் போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அந்தப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1922 ஆகஸ்டில் 'சாக்லேட் எக்ஸ்பிரஸ்' என்ற ஒற்றை பஸ் ஜெனரலுக்கு எதிராகத் தெருவில் இறங்கியது. அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான தனி வண்டிகள் வந்தன. கூட்டம் நிறைந்த தடத்தில் ஜெனரலுக்கு முன்னால் பாய்ந்து ஆளை ஏற்றும் அவற்றுக்குக் 'கடற்கொள்ளை பஸ்' என்று பெயர். 1924ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. வண்டியின் அமைப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது: 1925 வரை மாடிக்குக் கூரை போடக் காவல்துறை அனுமதிக்கவில்லை. கூரை வந்து பயணி மழையிலிருந்து தப்பிய பிறகும், ஓட்டுநருக்கு முன்னால் கண்ணாடி வைக்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

1933 ஜூலை 1 அன்று பேருந்து, டிராம், சுரங்க ரயில் எல்லாம் ஒரே பொது வாரியத்தின் கீழ் வந்தன. வண்டியின் பக்கவாட்டில் இருந்த ஜெனரல் என்ற பெயர் லண்டன் டிரான்ஸ்போர்ட் ஆனது. வேலை நேரத் தகராறு மட்டும் கைமாறி வந்தது. வண்டிகளின் வேகமும் அட்டவணையும் முடுக்கப்பட்டதால் வயிறு கெட்டு உடல் தளர்கிறது என்று ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் முறையிட்டார்கள். 1937 மே 1 அன்று, ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் கூட இல்லாதபோது, ஏழரை மணி நேர வேலைநாள் கேட்டு அவர்கள் பேருந்துகளை நிறுத்தினார்கள். நான்கு வாரம் கழித்து, கேட்டது கிடைக்காமலேயே சங்கத் தலைமை அவர்களை வேலைக்குத் திரும்பச் சொன்னது. போராட்டத்தை முன்னின்று நடத்திய சிலரைச் சங்கத்திலிருந்தே நீக்கியது.