கம்பெனிக் கடையில் பிறந்த பாட்டு

மன்னனைப் பாடிய பாட்டுக்குப் புலவன் பெயர் உண்டு. பாடிய அவை உண்டு. பெற்ற பரிசிலுக்கும் கணக்கு உண்டு. மக்கள் பாட்டு என்றால் மட்டும், "யாரோ, எப்போதோ பாடியது" என்று கூறிவிட்டு நடக்கிறோம். ஆற்றங்கரைக் கோரைபோல் அது தானே முளைத்தது என்று எண்ணிவிட்டால், தேடும் வேலை மிச்சமல்லவா! அப்படித் தானே முளைத்ததாகப் பலர் எண்ணும் அமெரிக்கப் பாட்டு ஒன்று உண்டு. நாம் நெடுநாளாக விரும்பிக் கேட்கும் பாட்டு. "பதினாறு டன்" என்பது அதன் பெயர். ஆக்கிப் பாடியவர் மெர்ல் டிராவிஸ்.

பாட்டு பிறந்த கதையே வேடிக்கையானது. 1946-ஆம் ஆண்டில் கேபிடல் இசைத்தட்டுக் கம்பெனியார், நாட்டுப்பாடல்களாகவே ஒரு தொகுப்புப் பாடித் தரும்படி டிராவிஸைக் கேட்டனர். தாம் அறிந்த பழம்பாடல்களையெல்லாம் பிறர் பாடிவிட்டனரே என்று அவர் தயங்கினார். அப்படியானால் புதிதாக எழுதும் என்று விடை வந்தது. எழுதினார்! 1947-இல் வெளிவந்த தொகுப்பில், மை உலராத புதுப்பாடல், முன்னோர் பாட்டோடு முன்னோர் பாட்டாக அமர்ந்துகொண்டது.

இதை அறிந்தபோது நாமும் சற்றே ஏமாற்றமுற்றோம். நாம் உருகிக் கேட்டது வெறும் கடைச்சரக்கா? தோண்டிப் பார்த்தபோதுதான், அந்தச் சரக்கு எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது விளங்கிற்று.

டிராவிஸ் 1917-இல் கென்டக்கி மாநிலத்து மியூலன்பர்க் வட்டாரத்தில், ரோஸ்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. நலம் கேட்போருக்கு அந்தத் தந்தை, சாகவும் தமக்கு வசதியில்லை, கம்பெனிக் கடையில் கடன் அவ்வளவு இருக்கிறது என்பாராம். 1945-இல், எர்னி பைல் என்னும் புகழ்பெற்ற செய்தியாளர் பசிபிக் போர்முனையில் சுடப்பட்டு மாண்டார். அதையொட்டி டிராவிஸின் உடன்பிறந்தார் எழுதிய கடிதத்தில், பதினாறு டன் அள்ளியும் கையில் ஒன்றும் மிஞ்சாத சுரங்க உழைப்பின் கணக்கும் இருந்தது. தந்தையின் கசப்பும் அக்கடிதமும் சேர்ந்தே பாட்டாயின.

கம்பெனிக் கடை என்றால் என்ன? தோழர்கள் இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். சுரங்கம் கம்பெனியுடையது. சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊரும் பல இடங்களில் கம்பெனியுடையது. குடியிருக்கும் வீடு, மாவும் உப்பும் வாங்கும் கடை, காய்ச்சலுக்கு மருந்து தரும் மருத்துவர் எல்லாம் கம்பெனி! கூலியோ, அள்ளி ஏற்றிய கரியின் எடைக்கு. தராசு யாருடையது? அதுவும் கம்பெனியுடையது. கரியோடு கல் கலந்திருந்தால் எடையில் வெட்டு. மேற்கூரை சரிந்து தலையில் விழாதிருக்க மரமுட்டுக் கொடுப்பதும் வேலைதான். ஆயினும் தராசில் ஏறாத வேலை. ஆகவே அதற்குக் கூலி இல்லை. பாறை பிளக்கும் வெடிமருந்தைத் தொழிலாளியே விலைகொடுத்து வாங்க வேண்டும். வாடகை, வெடிமருந்து, மருத்துவர் பணம் எல்லாம் பிடித்தது போக மிச்சம் இருந்தால், அது சம்பள நாளில் கைக்கு வரும். வயிறு அதுவரை காத்திருக்குமா? முன்பணம் கேட்டவனுக்குக் கம்பெனி தன் பெயர் பொறித்த உலோக வில்லைகளைத் தந்தது. அவை அக்கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். வெளியில் மாற்றினால் முழு மதிப்புக் கிட்டாது. உண்டது உழைப்பை விழுங்கிற்று. உழைத்தது கடனை அடைக்கவில்லை.

எதிர்த்து நின்றால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். 1920-இல் மேற்கு வர்ஜீனியாவின் மேட்வான் ஊரில், சங்கத்தில் சேர்ந்தவர்களின் குடும்பங்களைத் தெருவில் இறக்கக் கம்பெனியின் கூலிப்படை வந்தது. அன்று மூண்ட துப்பாக்கிச் சண்டையில் பத்துப் பேர் மாண்டனர். சங்கம் அமைக்கும் உரிமையை 1933-ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்சக் கூலியை 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் கொணர்ந்தன. வில்லைகளோ அதன் பின்னும் சில ஊர்களில் புழங்கிக்கொண்டுதான் இருந்தன.

இந்தக் கணக்கைத்தான் பாட்டு பாடுகிறது. மண்ணால் மனிதன் ஆன மறைநூற் கதையைத் தொட்டுத் தொடங்கி, உடனே உழைப்பவன் உடம்புக்கு இறங்கிவிடுகிறது. ஆண்டவனிடம் முறையீடு இல்லை. முதலாளியின் மனச்சான்றுக்கு வேண்டுகோளும் இல்லை. வானுலகின் அழைப்பையும் கடனைக் காட்டித் தள்ளிவைக்கும் அந்த நையாண்டி, நாம் மிகவும் போற்றும் பகுதி. குறையும் உண்டு. நடுவே, முட்டிபலம் பேசி மார்தட்டும் அடிகள் நமக்கு உவப்பாயில்லை. தனியொருவன் முறுக்கு தெரிகிறது. தோள் கொடுக்கும் தோழனைக் காணோம். சங்கம் என்ற சொல்லே பாட்டில் இல்லை.

முதலில் இத்தட்டு பெரிதாக விலைபோகவில்லை. 1955-இல் டென்னசி எர்னி ஃபோர்டு, விரல் சொடுக்கித் தாளமிட்டு, கனத்த குரலில் இதைப் பாடினார். பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. டிராவிஸுக்குப் பொறாமை இல்லை. மேடைகளில் கடைசி அடியில் கம்பெனிக் கடையை எடுத்துவிட்டு, ஃபோர்டுக்கே தாம் கடன்பட்டதாகப் பாடிச் சிரிக்கவைப்பார்! ஆயினும் நம் செவி நாடுவது டிராவிஸின் பழைய தட்டையே. அதில் வாத்தியக்குழு இல்லை. அவர் குரலும் அவர் கிதாரும் மட்டுமே.

அந்தக் கிதாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டைவிரல் தடித்த நரம்புகளில் தாளம் நிறுத்த, சுட்டுவிரல் மெல்லிய நரம்புகளில் பண்ணை மீட்டும். இம்முறைக்கு இன்று டிராவிஸ் பெயரே வழங்குகிறது. அவர் இதைக் கற்றது மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்னும் தம் வட்டாரத்தாரிடம். அவர்களுக்குக் கெனடி ஜோன்ஸ் வழியாக வந்தது. ஜோன்ஸுக்கு முன்னே நிற்பவர் ஆர்னால்டு ஷுல்ட்ஸ்: 1886-இல் பிறந்து 1931-இல் மறைந்த கறுப்பினத் தொழிலாளி, சுரங்கத்தில் உழைத்தவர், ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். கறுப்பர் இசைக்கு ஒரு பெயர், வெள்ளைக் கிராமத்தார் இசைக்கு ஒரு பெயர் என்று இசைத்தட்டுக் கம்பெனிகள் இரண்டு பட்டியல் வைத்து விற்ற அந்நாளில், நிறச்சுவரைத் தாண்டி இந்த விரல்வித்தை கைமாறிக்கொண்டிருந்தது.

டிராவிஸுக்கு அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1956-இல், எபினீசர் என்னும் ஊரில் நினைவுக்கல் நாட்டினர். 1983-இல் அவர் மறைந்தபின் சாம்பலை அக்கல்லின் அருகிலேயே தூவினர். ஆர்னால்டு ஷுல்ட்ஸின் வாசிப்போ ஒரு தட்டிலும் பதிவாகவில்லை. அவர் பெயரை, பின்வந்த இசைஞர்கள் சொல்லித்தான் உலகம் அறிந்தது.