சொகுசு எஸ்யூவி: பலமும் பலவீனமும்

மேடு, சேறு, ஆற்றுப்படுகை என எங்கும் இறங்கும் திறனையும் உயர்ரகக் காரின் சுகத்தையும் ஒரே வண்டியில் சேர்க்க முயலும் வகை சொகுசு எஸ்யூவி. ரேஞ்ச் ரோவர், மெர்சிடீஸ் ஜி கிளாஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ் 5, லெக்சஸ் எல்எக்ஸ், போர்ஷே கேயென் ஆகியவை இதில் முன்னணிப் பெயர்கள். இவற்றின் பலங்களுக்கு உயரமும் எடையுமே பெரும்பாலும் காரணம். பலவீனங்களுக்கும் அவையே காரணம். அந்தப் பலவீனத்தை எங்கே ஒளித்து வைப்பது என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம்.

அமெரிக்காவில் 1963-ல் வந்த ஜீப் வேகனீர் இவ்வகையின் முன்னோடி. ஆனால் இலக்கணம் வகுத்தது 1970-ல் இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையிலிருந்து வெளிவந்த ரேஞ்ச் ரோவர்தான். சார்ல்ஸ் ஸ்பென்சர் கிங் தலைமையிலான பொறியாளர்கள், பட்டை வில்லுக்குப் பதில் நான்கு சக்கரத்திலும் சுருள் வில் வைத்தார்கள். நான்கிலும் டிஸ்க் பிரேக், எப்போதும் இயங்கும் ஃபோர் வீல் டிரைவ், 3.5 லிட்டர் வி8 இன்ஜின் ஆகியவையும் சேர்ந்தன. உள்ளே மட்டும் சொகுசு இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய வினைல் இருக்கைகளே இருந்தன. நான்கு கதவு வரவே 1981 ஆகிவிட்டது.

1971 டிசம்பரில் ஜான் பிளாஷ்ஃபோர்டு-ஸ்னெல் தலைமையில் பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்று இரண்டு ரேஞ்ச் ரோவர்களுடன் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனைக்குக் கிளம்பியது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலுள்ள டேரியன் சதுப்புக் காட்டில் சாலையே கிடையாது. சேற்றுக்கென்று மாட்டிய மிகப் பெரிய டயர்களின் பாரம் தாங்காமல், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. பழுது பார்த்த பிறகு வண்டிகள் காட்டைக் கடந்து, 1972-ல் பயணத்தை முடித்தன. எங்கும் போகும், ஆனால் வழியில் செலவு வைக்கும் என்ற பெயர் ரேஞ்ச் ரோவரைவிட்டு இன்றுவரை போகவில்லை.

இவ்வகை வண்டிகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அடிக்கட்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1979 முதல் தயாராகும் ஜி கிளாஸும், டொயோட்டா லேண்ட் குரூஸரோடு அடித்தளத்தைப் பகிரும் லெக்சஸ் எல்எக்ஸும் லேடர் ஃப்ரேம் வண்டிகள். ஏணி போன்ற எஃகுச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்துவதால், ஒரு சக்கரம் பள்ளத்திலும் மற்றொன்று பாறையிலும் இருந்தாலும் முறுக்கத்தைத் தாங்கும். ஜி கிளாஸில் மூன்று டிஃபரன்ஷியல்களையும் தனித்தனியாகப் பூட்டலாம். பிடிப்புள்ள ஒற்றைச் சக்கரமே வண்டியை வெளியே இழுத்துவிடும். தார்ச்சாலையில்தான் இதற்குத் தண்டனை. 2018 வரை முன்பக்கமும் ஒற்றை அச்சாகவே இருந்ததால் ஸ்டீயரிங் மந்தமாக இருந்தது. நிமிர்ந்த சதுர உடலால் காற்றின் எதிர்ப்பும் இரைச்சலும் இன்னும் அதிகம்.

மோனோகாக் வண்டிகளில் உடலும் சட்டமும் ஒன்றே. 1998-ல் கேம்ரி காரின் அடித்தளத்தில் வந்த லெக்சஸ் ஆர்எக்ஸ், 1999-ல் அமெரிக்காவின் ஸ்பார்டன்பர்க் ஆலையில் பிறந்த எக்ஸ் 5, 2002-ல் வந்த கேயென் ஆகியவை இந்த வழியில் வந்தவை. வளைவுகளில் கார் போலவே திரும்பும், அதிர்வும் குறைவு. எக்ஸ் 5-ல் செங்குத்துச் சரிவுகளுக்கான லோ ரேஞ்ச் கியர் முதல் தலைமுறையிலேயே இல்லை. கேயெனில் அது இருந்தது. 2010-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் கைவிடப்பட்டது. ரேஞ்ச் ரோவர் மட்டும் மோனோகாக்குக்கு மாறிய பிறகும் லோ ரேஞ்சை விடவில்லை. 2012-ல் அதன் உடல் முழு அலுமினியமானபோது எடை 420 கிலோ வரை குறைந்தது. 90 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கவும் அதனால் முடியும்.

உயரத்தின் ஆபத்தை 2010-ல் ஒரு லெக்சஸ் காட்டியது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ஜிஎக்ஸ் 460-ஐச் சோதித்தபோது, வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பகுதி அளவுக்கு மீறி வழுக்கியது. வாங்காதீர்கள் என்றே இதழ் எச்சரித்தது. டொயோட்டா விற்பனையை நிறுத்தி, நிலைப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்திய பிறகே எச்சரிக்கை விலகியது. மென்பொருள் பிந்தினால் இயற்பியல் முந்திக்கொள்ளும் என்பதால், இன்றைய எஸ்யூவிகள் சாய்வைக் கட்டுப்படுத்தத் தனிக் கருவிகளையே வைத்திருக்கின்றன. 2015-ல் வந்த பென்ட்லி பென்டேகா இதற்கென 48 வோல்ட் மின்மோட்டார்களைக் கொண்டுவந்தது.

1992-ல் ரேஞ்ச் ரோவரில் அறிமுகமான ஏர் சஸ்பென்ஷன் இவ்வகையின் பெரிய வரம். வேகத்தில் வண்டி தாழும், கரடுமுரடில் உயரும். ஆனால் ரப்பர் பைகள் காலப்போக்கில் வெடித்துக் காற்றைக் கசியவிடும், கம்ப்ரஸரும் தேயும். பழைய வண்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எடைக்கு ஊரும் இப்போது விலை கேட்கிறது. பாரிஸ் மக்கள் 2024 பிப்ரவரியில் வாக்களித்து, 1.6 டன்னுக்கு மேற்பட்ட வெளியூர் கார்களுக்கு நகர மையத்தில் பார்க்கிங் கட்டணத்தை மணிக்கு 18 யூரோவாக்கினார்கள். மின்சாரக் கார்களுக்கு வரம்பு 2 டன். மின்சார ஜி கிளாஸின் எடையோ 3 டன்னைத் தாண்டுகிறது.

இந்தியாவில் சர்வீஸும் உதிரிபாகங்களும் எவ்வளவு அருகில் கிடைக்கின்றன என்பதும் வண்டியின் பலத்தில் சேர்த்தி. பிஎம்டபிள்யூ 2007-லேயே சென்னையை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்தது. எக்ஸ் 5 அங்கேதான் அசெம்பிள் செய்யப்படுகிறது. ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா மோட்டார்ஸ் 2008-ல் வாங்கினாலும், ரேஞ்ச் ரோவர் புனேயில் அசெம்பிள் செய்யப்படத் தொடங்கியது 2024-ல்தான். அதன் பிறகே விலை கணிசமாக இறங்கியது.

நெடுஞ்சாலையிலேயே ஓடும் குடும்பத்துக்கு எக்ஸ் 5 போதும். சாலையில்லாத இடங்களுக்குப் போய், பல்லாண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு நம்பகத்தன்மையில் பெயர் வாங்கிய லெக்சஸ் எல்எக்ஸ் ஏற்றது. இரண்டையும் ஒன்றாகச் சிறப்பாகச் செய்வது ரேஞ்ச் ரோவர். வாரண்டி காலம் முடிந்த ரேஞ்ச் ரோவரை மட்டும், ஏர் சஸ்பென்ஷனை முழுதாகச் சோதிக்காமல் வாங்கக் கூடாது.