மூட்டைக்குக் கணக்குண்டு
(கிடங்கு, உடல், சட்டம்)

பட்டினப்பாலையைத் தமிழர் வணிகப் பெருமையின் ஆவணமாக வாசிப்பது நமக்குப் பழகிப்போன காரியம். காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலை முற்றத்தில் புலி முத்திரை குத்திய மூட்டைகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. அந்த மூட்டைப் போரின்மேல் நாயும் ஆட்டுக்கடாவும் ஏறித் துள்ளுகின்றன. சுங்கம் வாங்கும் அலுவலர்கள் ஓய்வறியாமல் உழைப்பதற்குச் சூரியனின் தேர்க்குதிரைகள் உவமையாகின்றன. சரி, மலையை அடுக்கியது யார்? நீரிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து நீருக்கும் பண்டம் மாறுவது அங்கே வினையாக வருகிறது, எழுவாய் வருவதில்லை. 'இது இலக்கிய மரபு, இதில் போய் ஆளைத் தேடலாமா' என்று பண்டிதர்கள் கேட்கக்கூடும். தேடலாம். வரி வாங்கியவனுக்கு உவமை கொடுக்க முடிந்த மரபு, சுமந்தவனுக்கு ஏன் ஒரு பெயர்ச்சொல்கூடக் கொடுக்கவில்லை என்பது இலக்கணக் கேள்வி மட்டுமல்ல.

கல்வெட்டுக்கு வந்தாலும் கதை இதுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் நெல்லளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே இருந்தது. அளவைக்குப் பெயர் உண்டு, அளவைக்குத் தெய்வமும் உண்டு. சுமை சார்ந்த உழைப்போ, 'வெட்டி' என்ற ஒற்றைச் சொல்லில், அதுவும் செலுத்த வேண்டிய கடமைகளின் பட்டியலில் ஒன்றாக, அடங்கிவிடுகிறது. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி தட்டுப்படும் சொல் அது. ஊதியமில்லா உழைப்பு என்று பொருள். கிராமத்து வெட்டியான் என்ற பெயரிலும், நாம் சாதாரணமாகச் சொல்லும் 'வெட்டி வேலை'யிலும் அதன் எச்சம் கிடக்கிறது. யார் சுமப்பது என்பதைச் சாதி தீர்மானித்த சமூகத்தில் சுமையின் எடையை யாரும் விவாதிக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீரங்கம் கோயிலின் பிரம்மாண்டமான நெற்களஞ்சியங்களைப் பார்த்து நாயக்கர் காலக் கட்டடக்கலையை வியப்பவர்கள், அத்தனை உயரத்துக்கு நெல் எப்படி ஏறியது என்று கேட்பதே இல்லை.

இன்றைக்கு வருவோம். சமயபுரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசிக்கும் ஆலைகளுக்கும் பேர்போன ஊர். அம்மன் பச்சைப்பட்டினி இருக்கும் மாசி, பங்குனியில் சமைத்த நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவும் பானகமும்தான். அந்த இருபத்தெட்டு நாளும் அரிசி லாரி மட்டும் நிற்பதில்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் காலம் அது. இங்கிருந்து புறப்படும் ஒரு மூட்டையைப் பின்தொடர்ந்து பார்த்தால் சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது புரியும்.

ஆலைக்குள் நெல் அரிசியாகிறது. அது 'உற்பத்தி'. ஆகவே 1948 தொழிற்சாலைச் சட்டம் அங்கே பொருந்தியது. காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது அதன் 34-ஆம் பிரிவு. அதே மூட்டை லாரி ஏறித் திருச்சி காந்தி மார்க்கெட் மண்டிக்குப் போய் இறங்குகிறது. இறக்குவதும் அடுக்குவதும் உற்பத்தி ஆகாது. ஆக, மண்டி தொழிற்சாலை இல்லை, கடை. 1947-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டம் கிடங்கையும் கடையின் பகுதியாகவே கொண்டது. தூய்மை, காற்றோட்டம், தீத்தடுப்பு பற்றிப் பேசியது. பாரம் பற்றி? பேச்சே இல்லை. மூட்டை அதேதான், முதுகும் ஏறக்குறைய அதேதான். வாசலைத் தாண்டியதும் பாதுகாப்பு உதிர்ந்துவிட்டது.

இதைவிட வேடிக்கை 1976 திருத்தம். குளிர்பதனக் கிடங்கில் பொருளைப் பாதுகாப்பதும் 'உற்பத்தி நடைமுறை' என்று அது சேர்த்தது. அதாவது உருளைக்கிழங்கைக் குளிரவைத்தால் அந்த இடம் தொழிற்சாலை. அரிசியைச் சும்மா அடுக்கிவைத்தால் வெறும் கிடங்கு. சட்டம் சரக்குக்கு என்ன நேர்கிறது என்று கேட்டதே தவிர, தூக்குபவனுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கவில்லை. ஃபூக்கோவைப் படித்துவிட்டு அதிகாரம் உடலை நுணுக்கமாகக் கண்காணிக்கிறது என்று நாம் எழுதித் தள்ளுகிறோம். ஆலைக்கும் சிறைக்கும் அது சரி. கிடங்கில் அதிகாரம் உடலைப் பார்க்காமல் இருந்தே வேலை வாங்குகிறது.

கிடங்குக்குள் போய்ப் பாருங்கள். சாக்குகள் அட்டி அட்டியாகக் கூரையை எட்டி நிற்கும். கட்டுமானம் பிசகினாலோ, அவசரத்தில் கீழ்வரிசையிலிருந்து உருவினாலோ அட்டி சரியும். சரிந்தால் ஒரு மூட்டை விழாது, ஒரு சுவரே விழும். கூலி மூட்டைக்கு இவ்வளவு என்னும்போது அவசரம் தொழிலாளியின் குணமல்ல, கூலிமுறையின் குணம். லாரிக்கும் திண்ணைக்கும் நடுவே போட்ட பலகையில் தலைச்சுமையோடு ஏறி இறங்க வேண்டும். சும்மாடு தலையைக் காக்கும், கழுத்தெலும்பைக் காக்காது.

பிறகு மருந்து. வண்டு, அந்துப்பூச்சியைக் கொல்ல அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து அட்டியைத் தார்ப்பாயால் மூடுகிறார்கள். ஈரக்காற்றுப் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். மூன்று கிராம் மாத்திரையிலிருந்து ஒரு கிராம் வாயு. பூச்சியைக் கொல்வது மனிதனையும் கொல்லும். மூட்டத்தை விலக்கியபின் நன்றாகக் காற்றோட விட்டுத்தான் உள்ளே ஆள் போகலாம். முறையான அரசுக் கிடங்கில் ஒவ்வொரு அட்டியிலும் ஓர் அட்டை தொங்கும்: எத்தனை மூட்டை, எப்போது வந்தது, எந்தத் தேதியில் மருந்து வைத்தது. பூச்சி செத்த தேதிக்கும் பதிவு உண்டு. அந்த அட்டியைப் பிரித்தவன் எத்தனை வருஷமாக அந்தக் காற்றைச் சுவாசிக்கிறான் என்பதற்கு அட்டை கிடையாது. 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பாஸ்பரஸ் நச்சு இருந்தது. தேய்ந்த முதுகெலும்பு இல்லை. விழுந்து முறிந்தால் விபத்து. இருபது வருஷம் சுமந்து கொஞ்சம் கொஞ்சமாக முறிந்தால் அது வயசு.

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியது நம் தஞ்சாவூரில்தான். பஞ்சத்துக்கு எதிரான அந்த அமைப்பின் சாதனையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒரே கழகத்தின் கிடங்குகளில் துறைத் தொழிலாளி, நேரடி ஊதிய முறைத் தொழிலாளி, 'வேலையில்லையேல் ஊதியமில்லை' தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று படிநிலை வளர்ந்தது. தூக்குவது எல்லோரும் அதே சாக்குதான்.

மராட்டியத்தில் 1969-இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் வந்தது, கேரளத்தில் 1978-இல் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம். தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1999-இல் நல வாரியம். இவை போராடிப் பெற்றவை. கூலி, பதிவு, விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு என்று உண்மையாகவே பயன் தந்தவை. என் மனத்தாங்கல் வேறு. செத்தபின் குடும்பத்துக்கு எவ்வளவு என்று பேசிய அளவுக்கு, சாக்கில் எத்தனை கிலோ என்று நாம் பேசவில்லை. சர்வதேசத் தொழில் அமைப்பு 1967-இலேயே, வயதுவந்த ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேலிருந்தால் அதைக் குறைக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு உருவான பாரம் பற்றிய உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2010-இல். நடுவில் நாற்பத்து மூன்று ஆண்டுகள். நூறு கிலோ சாக்கு அதற்குள் எத்தனை கழுத்துகளில் ஏறி இறங்கியதோ.

வரி என்று வந்தால் வேகத்தைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்ட அரிசிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. என்றார்கள். உடனே கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது! மூட்டையின் எடையை மாற்றுவது இவ்வளவு சுலபமா? ஒரு கிலோ கூடுதலாக ஏறியது யார் தோளில் என்று ஒரு வார்த்தை எங்கும் இல்லை. சமயபுரம் சுங்கச்சாவடியைக் கடக்கும் லாரியின் அச்சுக்குக்கூட எடைவரம்பு உண்டு. 2018-இல் அதைத் திருத்தியபோது 10.2 டன்னிலிருந்து 11.5 டன் என்று புள்ளி வைத்து எழுதினார்கள். சாலை தேய்ந்துவிடும் என்ற கவலை.

பணியிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டம் 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தொழிற்சாலை மட்டுமல்லாமல், பத்துப் பேர் வேலை செய்யும் எந்த வணிக நிறுவனமும் அதற்குள் வரும் என்பது முன்னேற்றம்தான். காந்தி மார்க்கெட்டில் இரவு சரக்கு லாரி வந்து நிற்கிறது. ஒரு குழு நாலு மண்டிக்கு மூட்டை இறக்குகிறது. ஒவ்வொரு மண்டியிலும் முதலாளி, கணக்குப்பிள்ளை, இரண்டு மூன்று பையன்கள். இறக்குபவர்கள் எந்த மண்டியின் பத்துப் பேரில் சேர்வார்கள்? மண்டிக்காரர் லாரிக்காரரைக் காட்டுவார், லாரிக்காரர் ஆலையைக் காட்டுவார், ஆலை பில்லைக் காட்டும். பில்லில் இறக்குகூலி என்று ஒரு வரி இருக்கும், இறக்கியவர் பேர் இல்லாமல்.