துண்டு முதல் டெர்மினல் வரை

இலங்கை மலையகத் தோட்டங்களின் வரலாற்றைச் செடியிலிருந்து தொடங்குவதே வழக்கம்: முதலில் கோப்பி, பிறகு அதை அழித்த இலைநோய், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை. அதே வரலாற்றைக் கணக்கேட்டிலிருந்தும் தொடங்கலாம். துண்டு, தகர வில்லை, செக்ரோல் எனத் தோட்டத் தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானித்த தாள்களும் தகடுகளும் அவரைப் பற்றியவைதான். ஆனால் அவற்றில் எதையும் திறந்து சரிபார்க்கும் நிலையில் அவர் இருந்ததில்லை. லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளம் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் எதற்கு என்று கேட்டால், காசு கொடுக்க வேண்டியதில்லையே என்று பதில் சொல்வோர் உண்டு. அது பலவீனமான பதில். வலுவான பதில் அந்தப் பழைய கணக்கேடுகளில் இருக்கிறது.

துண்டு என்பது தோட்டத்தை நடத்திய துரை எழுதிக் கொடுத்த சிறு தாள். இன்ன கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்பதே அதன் சாரம். ஆட்களைத் திரட்டிவந்த கங்காணி அதை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோவார். அங்குள்ள துரை கடனைக் கட்டுவார். ஆட்கள் இடம் மாறுவார்கள், கடனும் கூடவே போகும். ஆள் பற்றாக்குறைக் காலத்தில் தோட்டங்கள் போட்டிபோட்டு முற்பணம் கொடுத்ததால் அந்தத் தொகை ஏறியதே தவிர இறங்கவில்லை. 1901இல் தகர வில்லை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த அந்த வில்லையோடுதான் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள். வழிச்செலவைத் தோட்டம் கங்காணியின் பற்றில் எழுதியது, கங்காணி அதைத் தொழிலாளியின் பற்றில் எழுதினார். முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே அவர் கடனாளி.

சட்டங்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது. 1921இல் துண்டு ஒழிக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பொது நிதி வழிச்செலவை ஏற்றுக்கொண்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என நாட்கூலி நிர்ணயமானது. ஆனால் கூலி எவ்வளவு என்று சட்டம் சொன்னாலும், எத்தனை நாள் வேலை செய்தார் என்று சொன்னது செக்ரோல் என்ற வருகைப் பதிவேடுதான். காலையில், வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் பதிவாகும். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்கும் சாக்குக்கும் கொஞ்சம் எடை கழிந்து, அது முழுப் பேரா அரைப்பேரா, அதாவது முழு நாளா அரை நாளா என்று முடிவாகும். அந்த ஏடு அலுவலக அலுமாரிக்குள் போய்விடும். கூடைக்காரி தன் கணக்கை மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சம்பள நாளில் மனக்கணக்கும் ஏட்டுக்கணக்கும் மோதினால் ஏடே வென்றது.

இதற்குக் காரணம் ஆங்கிலம்தான், கணக்கு தமிழில் இருந்திருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும் என்று வாதிடலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கங்காணிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பற்று வரவு தமிழர்களுக்குள்ளேயே நடந்தது. பல இடங்களில் இருவரும் ஒரே ஊர்ப்பக்கத்தார், சில சமயம் உறவினரும்கூட. ஆனாலும் துரையின் ஏட்டைவிட இருண்டு கிடந்தது கங்காணியின் கணக்குதான். மொழி ஒரு பூட்டு. ஏடு யார் கையில் இருக்கிறது என்பது இரண்டாவது பூட்டு. இதை மறந்தால், தமிழ் மெனு வந்த மென்பொருள் எல்லாம் நமதாகிவிட்டது என்று ஏமாந்துபோவோம். தமிழில் பேசினாலும் உள்ளே என்ன செய்கிறது என்று காட்டாத மென்பொருள், கங்காணியின் கணக்குப் புத்தகத்துக்கு ஒப்பானது.

திறந்த மூல இயங்குதளம் இந்த இரண்டாவது பூட்டைத்தான் தொடுகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவான இந்த உலகில், நிரலை இயக்கவும், படித்து மாற்றவும், படியெடுத்துக் கொடுக்கவும், மாற்றியதைப் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு. கட்டளைகளை எழுத்தில் இடும் திரையான அதன் டெர்மினலில் எல்எஸ் என்ற கட்டளையை நீள வடிவில் இட்டால், ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் பத்துக் குறிகள் தெரியும். முதலாவது கோப்பின் வகை. மற்ற ஒன்பதும் மூன்று மூன்றாகப் பிரியும்: உரியவர், அவருடைய குழு, மற்றவர்கள். படிக்க, எழுத, இயக்க என ஒவ்வோர் அனுமதிக்கும் ஓர் எழுத்து, அனுமதி இல்லாத இடத்தில் ஒரு சிறு கோடு. பழைய செக்ரோலை இப்படி எழுதிப் பார்க்கலாம். துரைக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி, கணக்கப்பிள்ளைக்கும் அவ்வாறே. கொழுந்து பறித்தவர் மற்றவர்களில் ஒருவர், அவருக்கு மூன்று கோடுகள்.

கடன் அடிமைத்தனத்தையும் கோப்பு அனுமதியையும் ஒரே தராசில் வைப்பது மிகை என்று ஆட்சேபிக்கலாம். வலியை ஒப்பிட்டால் அது மிகைதான். இங்கே ஒப்பிடுவது பொறிமுறையை. வெளியேறுவதற்கு விலை வைப்பதும், அந்த விலையைக் கணக்கிடும் ஏட்டை மறைப்பதும் துண்டின் இரு கைகள். ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பு வடிவமும் அதே வேலையைத்தான் செய்கிறது. விண்டோஸின் திருட்டுப்படி கடைகளில் கிடைக்கிறதே, வேலைக்குக் கேட்பதும் அதைத்தானே என்பது அடுத்த ஆட்சேபம். விண்டோஸைக் கற்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் திருட்டுப்படி விலையை மட்டுமே நீக்குகிறது, பூட்டை அல்ல. கைப்பேசி போதாதா என்றும் கேட்கலாம். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவதே லினக்ஸ் கருதான். இருந்தும் கைப்பேசிக்காரருக்கு அதன் உள்ளறைச் சாவி பொதுவாகக் கிடைப்பதில்லை. திறந்த மூலம் என்ற பெயர் மட்டும் விடுதலை தராது, சாவியும் கைப்பழக்கமும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

தோட்டத்து லய வீட்டுப் பிள்ளை ஆயிரக்கணக்கான வரி நிரலைப் படிக்கப்போகிறதா என்பது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. எல்லாரும் படிக்கத் தேவையில்லை, படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். வெளியாட்களுக்குத் தோட்டக் கதவு மூடியிருந்த நாளில் புடவை வியாபாரியாக உள்ளே போனவர் கோ. நடேசய்யர். பின்னர் அவர் பத்திரிகை நடத்தினார், தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கிச் சிறு நூல்கள் வெளியிட்டார், 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடியே செய்தி சொன்னார். சட்டம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, ஆனால் மூடியிருக்கவில்லை. அதனால்தான் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்காத பலருக்கு அதைத் திறந்து காட்ட முடிந்தது. துண்டுக் கடனின் கணக்கு மூடியிருந்ததால் அங்கே அப்படியொருவரால் பயனில்லை. நிரலுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

தேவையான கைப்பழக்கம் பெரிதும் அல்ல. ஒரு வரிக்கு ஒரு நாள் என எளிய உரைக் கோப்பில் தேதி, பெயர், நிறுத்த கிலோ, கழித்த கிலோ எழுதி வைத்தால், கிரெப் கட்டளை ஆண்டு முடிவில் ஒரு பெயருக்குரிய வரிகளை மட்டும் உருவிக் கொடுக்கும். ஆர்சிங்க் என்ற கட்டளை அந்தக் கோப்பின் படியை வேறொரு வட்டில் சேர்க்கும். ஒதுக்கிப் போட்ட பழைய கணினியே இதற்குப் போதும். விளக்கக் கையேடும் கணினிக்குள்ளேயே இருப்பதால் சிக்னல் இல்லாத மலையிலும் கற்கலாம். முன்மாதிரிகளும் இல்லாமல் இல்லை. கண்டியின் ஹந்தான மலையில் 1925இல் எழுந்த தேயிலை ஆலை இன்று அருங்காட்சியகமாகிவிட்டது. அதே மலையின் பெயரில் ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பை அடியாகக் கொண்டு இலங்கையர் உருவாக்கிய ஹந்தான லினக்ஸ், சிங்களத்தோடு தமிழுக்கும் இடம் வைத்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், மலையக நூல்களையும் இதழ்களையும் மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளின் மேல்தான் காத்துவருகிறது.

இன்று சில தோட்டங்களில் கொழுந்தை நிறுப்பது மின்னணுத் தராசு. அதன் எண் நேரே கணினிக் கோப்புக்குப் போகிறது. இது கணக்கப்பிள்ளையின் பேனாவைவிட நேர்மையானதாக இருக்கலாம். ஆனால் 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தாளை ஒழித்ததே தவிர, ஏட்டைப் படிக்கும் உரிமையைக் கூடை சுமந்தவருக்குத் தரவில்லை. புதிய கோப்பு நேர்மையானதா என்று கேட்பதற்கு முன், அதன் கடைசி மூன்று குறிகளைப் பார்க்க வேண்டும். அங்கே எழுதும் அனுமதி வேண்டாம், இயக்கும் அனுமதியும் வேண்டாம். படிப்பதற்கான அந்த ஓர் எழுத்து இருந்தால் போதும்.