நெல்லைப் போல ஒரு புல்

2015இல் கிளைபோசேட்டுக்குத் தடை வந்தபோதும், 2021இல் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரேயடியாக நிறுத்தியபோதும் புத்தளத்துத் தேநீர்க் கடைகளில் நடந்த சண்டை ஒன்றுதான்: மருந்து வேணுமா, வேணாமா? அந்த மருந்துகள் உண்மையிலேயே இன்னும் வேலை செய்கின்றனவா என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. நெல் வயலில் நம்பியிருந்த ஒரு முக்கியமான மருந்து அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தோற்கத் தொடங்கியிருந்தது.

தோற்கடித்தது ஒரு புல். தாவரவியலில் எக்கினோகுளோவா குருஸ்-கல்லி என்பார்கள். குதிரைவாலித் தானியத்துக்கு நெருங்கிய சொந்தம். இளசாக இருக்கும்போது இதையும் நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பிரித்துச் சொல்வது லேசில்லை. கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் இருக்கிற ஒரு மாமி எனக்குக் காட்டித் தந்தார். அவர் பிறந்தது முசலியில். சின்ன வயதில் உம்மாவோடு வயலுக்குப் போய்ப் பழகியவர். "இலை தண்டோட சேர்ற இடத்தை விரிச்சிப் பாரு மகள். நெல்லுக்கு அதில சின்னதா ஒரு நாக்கு இருக்கும். இதுக்கு இருக்காது." தாவரவியல் புத்தகமும் இதையேதான் சொல்கிறது.

ஏன் இவ்வளவு ஒற்றுமை? களை பிடுங்கிய கைகள்தான் காரணம். நெல்லைப் போல இல்லாத புல்லைக் கை பிடுங்கி எறிந்தது, நெல்லைப் போல நிமிர்ந்து நின்றது தப்பி விதை போட்டது. ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கொலாய் வவிலோவின் பெயரை இந்த வேஷத்துக்கு வைத்திருக்கிறார்கள். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதிப் புற்களின் மரபணுவைப் படித்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே இந்த வேஷம் ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன் தொடங்கியதாகக் கணக்கிட்டது. அதாவது மருந்து வருவதற்கு முன்பே புல் மனிதர்களிடமிருந்து தப்பப் படித்துக்கொண்டுதான் இருந்தது.

கைக்குத் துணையாகத் தண்ணீர் இருந்தது. சேறடித்து, நாற்று நட்டு, வயலில் தண்ணீரை நிறுத்தினால் புல் விதையில் பெரும்பங்கு முளைக்காது. ஆனால் புத்தளம் வறண்ட மாவட்டம். தப்போவ, இங்கினிமிட்டிய குளத்து வயல்களுக்கு நினைத்த நேரத்தில் தண்ணீர் வராது. நடுகைக்கு ஆள் கூலியும் ஏற ஏற, நாடு முழுக்கவே நாற்று நடுவது போய் நேரடியாக விதைப்பது வழக்கமானது. இந்த மாற்றத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். நட்ட நெல் புல்லை விட இரண்டு மூன்று கிழமை மூத்தது, விதைத்த நெல்லுக்கும் புல்லுக்கும் ஒரே வயசு. அதோடு, பத்தலகொடையில் உருவாக்கிய குட்டை ரக நெல் விளைச்சலைக் கூட்டித் தந்தாலும், பழைய உயர நெல்லைப் போலப் புல்லுக்கு நிழல் போட்டு அடக்கவில்லை.

இந்த இடைவெளிக்குள் வந்ததுதான் புரொப்பனில். நம்ம ஆட்களுக்கு அது 3,4-டீபீஏ. இலையில் பட்டால் புல் கருகும், நெல் தப்பும். நெல்லின் இலையில் இருக்கும் ஒரு நொதியம் அந்த மருந்தை உடைத்துவிடும், புல்லிடம் அது போதுமான அளவு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் கோடிக்கணக்கான புற்களில் எங்கோ சிலவற்றுக்குப் பிறப்பிலேயே அந்த நொதியம் கூட இருந்தது. போகத்துக்குப் போகம் அதே மருந்தை அடித்தபோது மற்றவை செத்தன, இவை மட்டும் விதை போட்டன. உருவத்தில் நெல்லைப் போல இருந்த புல், இப்போது உள்ளுக்குள்ளும் நெல்லைப் போல ஆகிவிட்டது.

கிரேக்கத்திலும் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலும் முன்பே இது நடந்திருந்தது. இங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புத்தி மாரம்பேயும் அமரசிங்கவும் புரொப்பனிலுக்கு அடங்காத இலங்கைப் புல்லைப் பற்றி 2002இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வயலில் இருந்தவர்களுக்கு அது "மருந்து கலப்படம்" என்றுதான் பட்டது. அளவைக் கூட்டி அடித்தார்கள். கூட்டி அடித்ததில் மிஞ்சியது இன்னும் முரட்டுப் புல்.

பிறகு வேறு மருந்துகள் வந்தன. கூடவே களைநெல்லும் வந்தது, சிங்களத்தில் வல் வீ. 1990களில் அம்பாறையில் தொடங்கிப் புத்தளம் உட்படப் பல மாவட்டங்களில் கண்டார்கள். இது நெல்லைப் போல ஒன்றல்ல, நெல்லேதான். ஆனால் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும், அறுவடையில் கையில் வராது. நெல்லைக் கொல்லாத எந்த மருந்தும் இதையும் கொல்லாது. மலேசியாவில் 2010இல், ஒரு வகை மருந்தைத் தாங்கும் நெல் ரகத்தைக் கொண்டுவந்து களைநெல்லை மட்டும் கொல்லப் பார்த்தார்கள். சில வருடங்களில் அந்த மருந்தைத் தாங்கும் களைநெல்லும் வந்துவிட்டது.

தடைகளுக்கு வருவோம். கிளைபோசேட் நெல் நிற்கிற வயலில் அடிக்கிற மருந்தே இல்லை, நெல்லும் செத்துவிடும். விதைப்பதற்கு முன் நிலத்தைத் துப்புரவாக்கத்தான் அது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டுக் கொடுத்து, 2022இல் முழுத் தடையையும் நீக்கினார்கள். சிறுநீரக நோய் பற்றிய பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்தை எடுக்கிறவர்கள் அதன் இடத்தில் கையையாவது தண்ணீரையாவது வைக்க வேண்டும். 2021இல் எதையும் வைக்கவில்லை.

கை எங்கே போனது என்பதற்குப் பதிலில் ஒரு பகுதி இந்தக் கரையோரத்திலேயே இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது வயல் தெரிந்த எத்தனையோ குடும்பங்கள் புத்தளத்து முகாம்களுக்கு வந்தன. மாமியின் குடும்பமும் அப்படித்தான். வயல் முசலியில் கிடக்க, இவர்கள் கற்பிட்டி மணலில் வெங்காயத்துக்குள் கூலிக்குக் கோரை பிடுங்கினார்கள். கோரையை இழுத்தால் கிழங்கு மண்ணுக்குள் அறுந்து நின்று திரும்ப முளைக்கும். அதனால் அடுத்த கிழமையும் வேலை இருந்தது என்று மாமி சிரித்தார்.

செய்ய வழியே இல்லை என்றில்லை. உழுது நனைத்துப் புல்லை முளைக்க விட்டு, அதை அழித்த பிறகு விதைக்கலாம். சுத்தமான விதைநெல் வாங்கலாம். ஒரே மருந்தை அடுத்தடுத்த போகத்தில் அடிக்காமல் இருக்கலாம். வெட்டு மெஷினை ஒரு வயலை விட்டு இன்னொரு வயலில் இறக்க முன் துப்புரவாக்கலாம். களைநெல் ஊர் ஊராய்ப் போவதில் அந்த மெஷினுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் தனியாளாக ஒரு விவசாயி இதைச் செய்து பயனில்லை. பக்கத்து வரவையில் உதிர்ந்தது வாய்க்கால் தண்ணீரோடு வந்துவிடும்.

மாமியின் மகள் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறார். அவருக்கும் அந்த நாக்கைப் பார்த்துப் புல்லைப் பிரிக்கத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவளுக்கு அது என்னத்துக்கு?" என்றார் மாமி.